லூர்துவுக்கான சனிக்கிழமை மன்றாட்டு

மைனி,

போன வாரம் சனிக்கிழமை, நம் தெரு முப்பது வீடும் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டம் என் வீட்டில் நடந்தது. செபமாலை சொல்லி, வாசகம் வாசித்து, மன்றாட்டு நேரம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்திலிருந்து தலைவலித் தைல வாசம் வந்தது. நெற்றியில் கொஞ்சம், மூக்கடியில் கொஞ்சம், மிச்சத்தைப் பின்கழுத்தில் என்று நீங்கள் தேய்த்துக்கொள்வீர்களே, அதே காரமான வாசம். "மெதுவாச் சொல்லுங்க மைனி, பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் உங்கள் நாற்காலியில் மூன்றாம் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் உட்கார்ந்திருந்தாள். ஜலதோஷமாம்.

அதற்குள் எட்டுப் பேர் மன்றாட்டுச் சொல்லி முடித்திருந்தார்கள். மழை வேண்டுமென்று ஒருத்தி, பேத்தியின் பரீட்சைக்காக ஒருத்தி, தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போயிருக்கும் புருஷனுக்காக ஒருத்தி. அதற்கப்புறம் பதினொரு வருஷமாக உங்கள் குரல்தான் வரும். எல்லோரும் பழக்கத்தில் காத்திருந்தார்கள். யாராவது சொல்வார்கள் என்று நானும் காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. கூட்டத்துக்குத் தலைவி நான்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசிச் செபத்தை ஆரம்பித்துவிட்டேன்.

எல்லோருக்கும் காப்பி கொடுத்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து, கதவைச் சாத்தின பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. உங்களை அடக்கம் பண்ணி நாலு மாதம்கூட ஆகவில்லை. துக்கத்தில் நின்றிருந்த கூட்டம் அன்றைக்குத்தான் மறுபடி கூடியது. அதற்குள் உங்கள் மகனுக்கான மன்றாட்டை நான் கைவிட்டுவிட்டேன். இப்படி அவனை நான் கைவிடுவது இரண்டாவது தடவை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் கடுதாசி எதற்கு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே என்னைக் கிழித்திருப்பீர்கள்.

உங்களுக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போனதில்லை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் குசினிக்குள் கால் வைத்த அன்றைக்கே, மஞ்சள்பொடி டப்பா இருந்த இடத்தில் மிளகாய்ப்பொடி டப்பாவை வைத்தீர்கள். நான் மாற்றி வைத்தேன். நீங்கள் மறுபடி மாற்றினீர்கள். நான் துறைமுகத்தில் பைல் தள்ளுகிற வேலைக்குப் போன பிறகு எனக்கு 'ஆபீஸ்காரி' என்று பெயர் வைத்தீர்கள். எனக்கு எதுவும் வரிசையில் இருக்க வேண்டும், வந்த காகிதம் முடிந்து கட்டப்பட வேண்டும். உங்களுக்கோ எதையும் முடிக்கவே தெரியாது. தெருவில் ஒரு சண்டை ஆரம்பித்தால்கூட மூன்று நாள் ஓட்டுவீர்கள்.

அண்ணன் சங்கு குளிக்கப் போகிறவன். படகில் காற்றடிக்கும் மிஷின் ஓடும், அதன் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இவன் கடலுக்கடியில் நடந்து சங்கு பொறுக்குவான். நாற்பது வயதுக்குள் இரண்டு காதும் மந்தமாகி, ஒரு கால் இழுத்துக்கொண்டது. லூர்துவும் அப்பாவோடு படகுக்குப் போகிறேன் என்று நின்றபோது நான்தான் குறுக்கே விழுந்தேன். எனக்கு நாலு கப்பல் ஏஜெண்டுகளைத் தெரியும். "கடலுக்கு அடியில போறதுக்கு கடலுக்கு மேல போகட்டும் மைனி, நான் சொல்லி ஏத்தி விடுதேன்" என்றேன். உங்களுக்கு மனதில்லை. "கண்ணுக்கு எட்டுத தூரத்துல கெடக்கட்டுமே" என்று இழுத்தீர்கள். அவன் என்னைப் பார்த்து, "அத்த சொன்னாச் சரி" என்றான். கல்யாணம் கட்டாத, பிள்ளையில்லாத எனக்கு அந்த வார்த்தை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். படிவம் நிரப்பினது நான், பெட்டி வாங்கிக் கொடுத்தது நான், ரயிலேற்றி விட்டதும் நான்.

அவனுடைய மூன்றாவது பயணத்தில் அந்தக் கடிதம் வந்தது. கம்பெனிக் கடிதம், இங்கிலீஷில், ஏழு வரி. நான் வாசித்துச் சொன்னேன். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு துறைமுகத்தில் லூர்து கப்பலை விட்டு இறங்கியிருக்கிறான், கப்பல் கிளம்புகிற நேரத்துக்குத் திரும்பி வரவில்லை, தேடியும் தகவல் இல்லை. அவ்வளவுதான். அண்ணனுக்குக் காது கேட்காததால் நான் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தெருவே கேட்டது. நீங்கள் மட்டும் அழவில்லை.

"ஏளா பிலோமி, அதுல எறங்குனான்னு போட்டிருக்கா, கடல்ல விழுந்தான்னு போட்டிருக்கா?"

"எறங்குனான்னுதான் மைனி போட்டிருக்கு."

"அப்ப சொந்தக் கால்ல நடந்துதான போயிருக்கான். நடந்து போனவன் நடந்து வருவான்."

அதற்கடுத்த சனிக்கிழமை ஆரம்பித்தீர்கள். "ஆண்டவரே, கப்பல விட்டு எறங்குன எம் மகன் லூர்து இன்னும் வீடு வந்து சேரல. அவனைக் கொண்டாந்து சேரும்." வார்த்தைக்கு வார்த்தை இதுதான். மீன் ஏலத்தில் விலை படியாத வியாபாரி மாதிரி ஒரு குரல். 'சேரும்' என்கிற இடத்தில் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பீர்கள், பதில் சொல்லாமல் அவர் எங்கே போய்விடுவார் என்று பார்க்கிற மாதிரி. நாங்கள் எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம்.

முதல் வருஷம் எல்லோரும் உருகிச் சொன்னார்கள். இரண்டாம் வருஷம் அண்ணன் போய்ச் சேர்ந்தான், அதனால் இன்னும் உருகினார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து அலுப்புத் தட்டியது. கூட்டத்துக்கு வருகிற பிள்ளைகள் உங்கள் மன்றாட்டை உங்களுக்கு முன்னால் உதட்டுக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டன. நான் எழுதாத அலுவலகம் இல்லை. முதலில் பதில்கள் வந்தன, பிறகு வந்த பதிலையே திரும்ப அனுப்பினார்கள், பிறகு அதுவும் நின்றது. என்னோடு வேலை பார்த்த, பக்கத்து நாசரேத் ஊர்க்காரி ஒருத்தி ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அக்கா, கர்த்தருடைய சித்தம்னு ஒப்புக்குடுத்திருங்க, சமாதானம் வரும்" என்று உங்களிடம் நயமாகச் சொன்னாள். நீங்கள் அவளுக்கு முறுக்கும் காப்பியும் கொடுத்து, "ஒம் புள்ள நல்லாருக்கானா?" என்று மட்டும் கேட்டீர்கள். அவள் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கும் அலுத்திருந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். எனக்குத் தாங்கவில்லை, மைனி. நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பெயரைச் சொல்லும்போது முப்பது வீட்டுக்காரர்களும் என்னைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

ஐந்தாம் வருஷம் நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு அன்பியமும் தங்கள் தெருவில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் சாயங்காலப் பூசையில் அதை வாசிப்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர்களை வாங்கி, நல்ல தாளில் வரிசையாக எழுதுவது தலைவியின் வேலை. அண்ணன் பெயரை எழுதினேன். பேனாவை எடுக்காமல் அதற்குக் கீழே லூர்து பெயரையும் எழுதினேன்.

தெரிந்துதான் எழுதினேன். கை தவறி விழுந்த பெயர் இல்லை அது. உங்களுக்கு அந்த வாரம் காய்ச்சல், பூசைக்கு வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். சாமியார் ஒரு தடவை வாசித்துவிட்டால், ஆத்துமாக்களோடு ஒரு தடவை சேர்ந்துவிட்டால், யாராவது மெதுவாக உங்களிடம் சொல்லி, நீங்களும் அழுது தீர்த்து, எல்லாம் ஓய்ந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். உங்கள் நன்மைக்காக என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் வந்தீர்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மகள் ரீட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, அண்ணன் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்தீர்கள். அப்போதே ஓடிப்போய்த் தாளை வாங்கியிருக்கலாம். இரண்டு கல்லறை தள்ளி நின்றேன், நகரவில்லை. வாசிக்கிற பையன் நம் தெருப் பெயர்களுக்கு வந்தான். அண்ணன் பெயரை வாசித்தான். மெழுகுவர்த்தியைச் சரிசெய்துகொண்டே சிலுவை போட்டுக்கொண்டீர்கள். அடுத்த பெயரை வாசித்தான்.

"ஏலே, நிறுத்து!"

அந்தக் குரலை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. எழுந்து நின்றீர்கள். கம்பளி கீழே விழுந்தது.

"எம் புள்ள பேர எதுக்குல வாசிக்கே? அவன் செத்தான்னு ஒனக்கு ஆருல சொன்னா?"

பையன் தாளைப் பார்த்தான், சாமியாரைப் பார்த்தான். யாரோ உங்கள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். நீங்கள் இழுத்த கையைத் தட்டிவிட்டீர்கள்.

"சாமி, அந்தப் பேர அடிங்க. அடிக்காம நான் உக்கார மாட்டேன்."

அப்போது இருந்த சாமியார் சின்ன வயது. உங்களை அதட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. பையனிடமிருந்து தாளை வாங்கி, அங்கிக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்து, பீடத்தில் வைத்து அந்தப் பெயரை அடித்தார். "அடிச்சிட்டேம்மா" என்று மைக்கிலேயே சொன்னார். நீங்கள் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பூசை மேலே நடந்தது. நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினீர்கள். உங்கள் வீட்டு ரேஷன் கார்டு மனு முதல் லூர்துவின் கப்பல் படிவம் வரை எழுதின என் கையெழுத்து, உங்களுக்கா தெரியாது? பார்த்தீர்கள், மடித்தீர்கள், மடியில் சொருகிக்கொண்டு நடந்தீர்கள்.

மறுநாள் காலை என் குசினியில் வந்து நின்றீர்கள். கத்துவீர்கள் என்று நினைத்து எல்லா ஜன்னலையும் முன்கூட்டியே சாத்தி வைத்திருந்தேன். நீங்கள் சத்தமே போடவில்லை. மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்து அலமாரியில் வேறு தட்டில் வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"ஏளா, ஆண்டவரு ஒங்கிட்ட வந்து சொன்னாரா?"

"என்னத்த மைனி?"

"லூர்து செத்துட்டான்னு."

"இல்ல."

"பொறவு எப்படி எழுதுன?"

கத்தினது நான்தான். "எத்தன வருசம் மைனி இப்படியே கேப்பிய? வாராவாரம், எல்லார் முன்னாடியும். அவரு சித்தம் அதுன்னு ஏத்துக்கிட்டு அழுது தீத்திருங்களேன். ஒங்களுக்காகத்தான் எழுதுனேன்."

"அவரு சித்தம் என்னன்னு அவரே இன்னும் வாயத் தொறக்கல. அதுக்குள்ள அவருக்குப் பதிலா நீ எதுக்குளா கையெழுத்துப் போடுத? இது என்ன ஒன் ஆபீஸா?"

நீங்கள் அரிவாள்மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை எடுத்து அரிய ஆரம்பித்தீர்கள். பேசிக்கொண்டே அரிந்தீர்கள்.

"ஏசுசாமியே அந்த ஒலிவத் தோட்டத்துல மூணு மட்டம் கேட்டாரு. ஒரு மட்டம் கேட்டுட்டு, சரி ஒம் சித்தம்னு எந்திச்சா போயிட்டாரு? கேக்காம இருக்கதுதான் விசுவாசம்னா அவருக்கு விசுவாசம் இல்லன்னு ஆயிரும்லா?"

"அது வேற மைனி."

"என்ன வேற? ஒங்க அண்ணன் கடலுக்குள்ள போனப்ப படகுல இருந்தவன் என்ன செஞ்சான்? கீழ இருக்கவன் இவனுக்குத் தெரியவா செஞ்சான்? தெரியலன்னு மிஷின நிறுத்திட்டு வீட்டுக்கு வந்தானா? குழாயப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நானும் உக்காந்திருக்கேன். அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு உடைந்தது. அதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். நீங்கள் அவன் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அவனை அனுப்பி வைத்தவள் நான்தான் என்று ஊருக்குச் சொல்வதுபோல் இருக்கிறது, என்னால் முடியவில்லை என்று அழுதேன். நீங்கள் வெங்காயத்தை நிறுத்தவில்லை.

"அது எனக்குத் தெரியாதாக்கும். அஞ்சு வருசமா மூஞ்சிய மூடிக்கிட்டு உக்காந்திருக்கியே, நான் என்ன குருடியா? அனுப்புனது நீதான். அதுல என்ன பொய் இருக்கு? அனுப்புனவ அழுதுக்கிட்டு ஒளிஞ்சா அவன் வந்துருவானா? எங்கூடச் சேந்து கேளு."

மன்னித்தேன் என்று நீங்கள் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து, எந்த வீட்டில் கூட்டம் நடந்தாலும், உங்கள் நாற்காலியை என் வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். மன்றாட்டுச் சொல்லி முடித்ததும் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடிப்பீர்கள். நான் பதில் சொல்லும் குரல் உங்கள் காதில் விழ வேண்டும். ஆறு வருஷம் இடி வாங்கினேன். எல்லோரோடும் சேர்ந்து பதில் சொன்னேன். ஆனால் நானாக ஒரு தடவைகூட அந்த மன்றாட்டைச் சொன்னதில்லை. உங்கள் பிள்ளை, உங்கள் மன்றாட்டு என்று இருந்துவிட்டேன்.

இந்த வருஷ ஆரம்பத்தில் சர்க்கரை ஏறி உங்கள் கால்விரலில் ஒன்றை எடுத்தார்கள். அடுத்த மாதம் இன்னொன்று. கம்பை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தீர்கள். தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல் உங்கள் முறை வந்தது. "ஆண்டவரே, லூர்து எங்க இருக்கானோ அங்கன அவன் நல்லாருக்கட்டும். ஒம் சித்தம்" என்றீர்கள். தலையை நிமிர்த்தி மேலே பார்க்கவில்லை. எல்லோரும் பழக்கத்தில் பதில் சொன்னார்கள். உங்கள் முழங்கையும் வரவில்லை, என் வாயும் திறக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"என்ன மைனி, மாத்திட்டிய?"

"ஆமா."

"களைச்சுப் போச்சோ?"

"களைக்கதுக்கு நான் என்ன ஓடவா செஞ்சேன்? விரல் இருந்தப்பவே ஓடல." சிரித்தீர்கள். வழியில் சிலுவை நிற்கும் குருசடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினீர்கள். பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கேற்றுகிறவர்களின் சத்தம் கேட்டது. "பதினோரு வருசமாக் கேட்டேன்லா. கேட்டுக் கேட்டு எனக்கு அவரக் கொஞ்சம் தெரிஞ்சிட்டுளா. எம் புள்ள அவரு கையிலதான் இருக்கான். எங்கிட்ட வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. அதுக்காக அவன் செத்துட்டான்னு நான் சொல்லுததா எடுத்துக்கிடாத, ஆமா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏத்துக்கிடுங்க என்று ஒருகாலத்தில் உங்களிடம் கத்தினவள் நான். நீங்கள் ஏற்றுக்கொண்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. என்னை நடுக்கடலில் இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் கரையேறிவிட்டது போல் இருந்தது. "அப்ப இத்தன வருசம் கேட்டதெல்லாம் வீணா?" என்று கேட்டேன்.

"கேக்காமலே விட்டவளும், கேட்டு முடிச்சுட்டு அவரு கையில விட்டவளும் ஒண்ணாளா?" என்றீர்கள். கம்பை ஊன்றி எழுந்துவிட்டீர்கள். அதற்குமேல் விளக்கம் சொல்வது உங்கள் பழக்கமில்லை.

ஆனி மாதம் போய்விட்டீர்கள். முகத்தில் வருத்தம் இல்லை. எனக்கு அதுவும் கோபம்தான்.

அடக்கத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டியிருந்தது. கீழே 'இவண்' என்று போட்டு வீட்டாரின் பெயர்களைப் போடுவோமே, அந்த இடத்தில் மகள் ரீட்டா, மகன் லூர்து, நாத்தனார் பிலோமினா என்று எழுதினேன். ரீட்டா பார்த்துவிட்டு, "தம்பி பேரு வேண்டாம் அத்த, ஊரு சிரிக்கும்" என்றாள். நல்ல பிள்ளை அவள், மாப்பிள்ளையூரணியிலிருந்து தினம் பஸ் ஏறி வந்து உங்களைக் கழுவித் துடைத்தவள். அவளுக்கும் அலுத்திருக்கும். ஆனால் அவள் பேச்சை நான் கேட்கவில்லை. அச்சகத்து அண்ணாச்சி தாளை வாங்கிப் பார்த்து, "பையன் வந்துட்டானாம்மா?" என்று கேட்டார். "வரல அண்ணாச்சி. பேரப் போடுங்க" என்றேன். போட்டார். தெருமுனையில் ஒட்டின நோட்டீஸை நின்று வாசித்துவிட்டு இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் தலைப்பை இழுத்துப் போர்த்தவில்லை.

இவ்வளவு வீறாப்புப் பேசினவள்தான் போன வாரம் சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று வாரம் முழுக்க யோசித்தேன். அடுத்தவர் பிள்ளைக்காக அச்சிலே பெயர் போட்டுவிடலாம், மைனி. என் சொந்த வாயால், எல்லோர் முன்னாலும், நான் அனுப்பினவனைத் திரும்பக் கொண்டு வாரும் என்று கேட்பது வேறு. அப்படிக் கேட்டுவிட்டால் பதில் வருகிறவரைக்கும் நிற்க வேண்டும். அவர் பதில் சொல்லாமல் என்னையும் பதினொரு வருஷம் நிறுத்தி வைப்பார் என்று பயந்தேன். அவரை எனக்கு உங்கள் அளவுக்குத் தெரியாது.

நேற்றுச் சனிக்கிழமை. தோணிக்காரர் வீட்டில் கூட்டம். ரீட்டாவும் வந்திருந்தாள். மழை, பரீட்சை, மாலத்தீவு எல்லாம் முடிந்தது. அதே மௌனம் வந்தது. நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்வதுதான் வழக்கம், எனக்கு நிற்க வேண்டும் போல் இருந்தது.

"ஆண்டவரே, நான் கப்பல் ஏத்தி விட்ட எங்க லூர்து இன்னும் வீடு வந்து சேரல. அவனைக் கொண்டாந்து சேரும்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. உங்களோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள் போல. நான் உட்காரவில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னொரு தடவை சொன்னேன், உங்கள் அளவுக்குச் சத்தமாக. லூர்து யார் என்றே தெரியாத அந்த ஜலதோஷக்காரப் பெண் முதலில் பதில் சொன்னாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். கடைசியாக ரீட்டாவின் குரல் கேட்டது.

கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது ரீட்டா என் கையைப் பிடித்தாள்.

"அம்மாவே கடேசில கொண்டாரும்னு கேக்கலையே அத்த. ஒம் சித்தம்னு விட்டுட்டாவல்லா. நீங்க மட்டும் எதுக்கு இன்னும் புடிச்சுக்கிட்டு நிக்கிய?"

"ஒங்க அம்மா அவனப் பெத்தவ. ஆண்டவரு கையில குடுக்க அவளுக்கு உரிமை உண்டு, குடுத்துட்டா. நான் அனுப்பி வச்சவ. எனக்கு எடுத்துக் குடுக்க என்ன இருக்கு? கேக்கத்தான் முடியும்."

அவள் பஸ் வரும்வரை என்னோடு நின்றாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் மைனி. உங்களுக்கு வந்த சமாதானத்தை நான் குறை சொல்லவில்லை. அவர் சித்தம் எதுவோ அது நடக்கட்டும், நானும் அதைத்தான் சொல்கிறேன். அது இன்னதென்று அவர் எனக்குச் சொல்லட்டும். ஊர் சொல்லி நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். என் அலுப்பு சொன்னாலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன், ஒரு தடவை அது சொன்னதைக் கேட்டு நான் பட்டது போதும். கேட்பதை நிறுத்துகிற உரிமைகூட கேட்டுக் கேட்டுத்தான் வரும் போலிருக்கிறது. நீங்கள் பதினொரு வருஷம் கேட்டு அங்கே போய்ச் சேர்ந்தீர்கள். நான் நேற்றுத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

பிலோமி